வெட்டு ஒன்று, பொருள் இரண்டு

இந்த இதழில் எல்லாக் கேள்விகளுமே டச்சு மொழியைப் பற்றியவை. நெதர்லாந்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கூடிவிட்டார்கள் என்பது தபால் கட்டைப் பார்த்தாலே தெரிகிறது.

ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் என் மகன் ஒரு படிவத்தைப் படம் எடுத்து அனுப்பினான். ஒரே சொல் வரி முழுக்க ஓடுகிறது. டச்சுக்காரர்கள் மூச்சே விடமாட்டார்களா? (வாசகி, கோவை)

விடுவார்கள். எழுதும்போது மட்டும் அதைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். உங்கள் மகன் கண்டது 'ஆர்பெய்ட்ஸ்ஒன்ஹெஸ்ஹிக்ட்ஹெய்ட்ஸ்ஃபெர்ஸேகரிங்' மாதிரி ஏதாவதாக இருக்கும். ரோமன் எழுத்தில் 33. பயப்படாமல் வெட்டுங்கள். 'ஆர்பெய்ட்' வேலை. 'ஒன்' இல்லாமை. 'ஹெஸ்ஹிக்ட்' தகுதியுள்ள. 'ஹெய்ட்' நம்முடைய '-மை'. 'ஃபெர்ஸேகரிங்' காப்பீடு. உடல்நிலை கெட்டு வேலை செய்ய முடியாமல் போனால் பணம் தரும் காப்பீடு, அவ்வளவுதான்.

நடுவே இரண்டு இடத்தில் ஒரு 'ஸ்' நிற்கிறதே, அதற்குத் தனியே அர்த்தம் கிடையாது. 'வேலைத்தகுதி' என்று எழுதும்போது நமக்கு நடுவில் ஒரு 'த்' வருகிறதல்லவா, அந்த ரகம். இப்படி ஒட்டுக்கு நிற்கும் 'ஸ்' கண்ணில் பட்டால் அதன் பின்னால் கத்தியை வைக்கலாம். சொல்லின் எஜமான் எப்போதும் கடைசித் துண்டுதான். முன்னால் எத்தனை பேர் நின்றாலும் இது ஒரு காப்பீடு.

அப்படியானால் டச்சு மொழியிலேயே நீளமான சொல் எது? (கல்லூரி மாணவர், சேலம்)

கின்னஸ் புத்தகத்தில் ஏறியது 49 எழுத்துச் சொல். 'சிறுவர் கார்னிவல் ஊர்வல ஆயத்தப் பணிகள்' என்பதை இடைவெளி இல்லாமல் எழுதினால் வருவது. இதை வெல்வது சுலபம். அந்தப் பணிகளுக்கு ஒரு குழு போடுங்கள், குழுவுக்கு ஒரு தலைவரைப் போடுங்கள், தலைவருக்கு ஒரு நாற்காலி வாங்குங்கள். சொல் நீண்டுகொண்டே போகும். சாதனை என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

ஒரு சொல்லில் உயிரெழுத்தை இரட்டிக்கிறார்கள், அதே சொல்லின் பன்மையில் ஒன்றைத் தூக்கிவிடுகிறார்கள். இன்னொன்றில் மெய்யை இரட்டிக்கிறார்கள். என் டச்சு ஆசிரியை 'காதால் கேளுங்கள்' என்கிறார். கேட்டும் புரியவில்லை. (மென்பொருள் ஊழியர், ஐந்தோவன்)

உங்கள் ஆசிரியை சொன்னது சரி. காதுக்கு முன்னால் கத்தியைக் கொடுத்திருக்க வேண்டும்.

நமக்குக் குறிலும் நெடிலும் தனித்தனி எழுத்து. 'மன்' வேறு, 'மான்' வேறு, தகராறு இல்லை. ரோமன் எழுத்தில் அந்த வசதி கிடையாது. கையில் இருக்கும் சொற்ப உயிரெழுத்துகளை வைத்தே இரண்டையும் சமாளித்தாக வேண்டும். டச்சுக்காரர்கள் இந்தச் சுமையை அசையின் தலையில் ஏற்றினார்கள். மெய்யில் முடிந்தால் மூடிய அசை, உயிரில் முடிந்தால் திறந்த அசை. மூடிய அசைக்குள் ஒற்றை 'ஏ' (a) குறில், இரட்டை 'ஏ' நெடில். திறந்த அசையின் முடிவில் ஒற்றை 'ஏ' நின்றாலே நெடில்தான்.

இப்போது பாருங்கள். 'மான்' என்றால் நிலவு. மூடிய அசை, ஆகவே இரண்டு 'ஏ'. பன்மை 'மா-னன்'. 'ன்' அடுத்த அசைக்குக் குடிபோய்விட்டது, முதல் அசை திறந்துகொண்டது, ஒரு 'ஏ' போதும். 'மன்' என்றால் ஆண். இதன் பின்னாலும் பன்மை விகுதியை வெறுமனே ஒட்டினால் ஆண்கள் எல்லாரும் நிலவுகளாகிவிடுவார்கள். அதைத் தடுக்க 'என்' என்ற எழுத்தை இரட்டித்து அசையைப் பூட்டுகிறார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தால் 'மன்னன்'. பன்மையில் மட்டும் ஆண்களை மன்னனாக்கும் மொழி இது. ஆனால் பேச்சில் ஒற்றை 'ன'தான் வரும். இரட்டிப்பு கண்ணுக்கான அடையாளம், நாம் அழுத்துவது போல அழுத்திவிடாதீர்கள்.

'போம்' என்றால் மரம், 'பொம்' என்றால் குண்டு. மரங்கள் என்று எழுத ஒரு 'எம்', குண்டுகள் என்று எழுத இரண்டு 'எம்'. சாலையோரம் 500 மரம் நடப்போவதாக அறிவிப்பு எழுதும் நகராட்சி எழுத்தரின் விரல் ஒரு தடவை கூடுதலாகப் பட்டால் ஊரே காலியாகிவிடும்.

உங்களுக்கு ஓர் ஆறுதல். உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் அங்கே போயிருந்தால் இன்னும் திண்டாடியிருப்பீர்கள். 1863-ல் வகுக்கப்பட்ட தெ ஃப்ரீஸ் - தெ விங்கல் முறையில், மரங்கள் என்ற சொல்லுக்குத் திறந்த அசையிலும் இரண்டு 'ஓ' போட வேண்டும், வேறு சில சொற்களுக்கு ஒன்றுதான். எதற்கு இரண்டு, எதற்கு ஒன்று என்பது சொல்லின் பழைய வரலாறு தெரிந்தவருக்கே வெளிச்சம். காதை நம்பிப் பயன் இல்லை. கோலவெய்ன் என்ற ஆசிரியர் 1891-ல் 'நம் தொல்லை பிடித்த எழுத்துமுறை' என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு கட்டுரை எழுதிச் சண்டையைத் தொடங்கினார். 1934-ல் அமைச்சர் மார்ஷாந் பள்ளிக்கூடங்களில் பாதி வழிக்கு வந்தார். நெதர்லாந்தில் அது முழுச் சட்டமாக 1947 ஆயிற்று. ஓர் எழுத்தைக் குறைக்க 56 வருடம். அரசாங்கங்கள் எங்கும் ஒரே வேகம்தான்.

வீடு 'ஹௌஸ்'. பன்மையில் 'எஸ்' போய் 'இஸட்' வருகிறது. கடிதம் 'ப்ரீஃப்'. பன்மையில் 'எஃப்' போய் 'வி' வருகிறது. ஏன் இந்த ஆள்மாறாட்டம்? (வாசகர், மதுரை)

டச்சு அசையின் வால் பக்கத்தில் 'இஸட்', 'வி', 'டி' போன்ற அதிரும் ஒலிகளுக்கு இடமில்லை. அங்கே மாட்டினால் குரல் அடங்கிவிடும். பன்மையில் வெட்டு முன்னால் நகர, அந்த ஒலி அடுத்த அசையின் தலைக்கு வந்து, குரல் திரும்பிவிடுகிறது. இது வரை நியாயம். ஆனால் நாய்க்கு 'ஹொன்ட்' என்று வல்லோசையில் முடித்துவிட்டு, எழுத்தில் மட்டும் 'டி' போடுகிறார்கள், பன்மையில் அது மெல்ல ஒலிப்பதால். அதாவது 'எஸ்', 'எஃப்' விஷயத்தில் காது சொல்வதை எழுதுகிறார்கள். 'டி' விஷயத்தில் குடும்ப வரலாற்றை எழுதுகிறார்கள். இரண்டு சட்டம், ஒரே நாடு.

டச்சு கடினமா, ஜெர்மன் கடினமா? (வாசகர், நாகர்கோவில்)

ஜெர்மானியரைக் கேட்டால் டச்சு என்பார். டச்சுக்காரரை டச்சில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிடுவார்.

சேர்த்தே எழுதினால் தப்பான இடத்தில் வெட்டிப் படிக்க மாட்டார்களா? (தமிழாசிரியை, தஞ்சாவூர்)

நன்றாகப் படிப்பார்கள். படித்துவிட்டுச் சிரிக்கவும் செய்வார்கள். இது அந்த ஊரின் தேசிய விளையாட்டு.

கடையில் 'கெர்ஸ்டொமாட்யெஸ்' விற்கிறார்கள். 'கெர்ஸ்' என்றால் செர்ரி, 'டொமாட்யெஸ்' குட்டித் தக்காளிகள். செர்ரித் தக்காளி. கத்தியை ஓர் எழுத்து தள்ளி வையுங்கள். 'கெர்ஸ்ட்' என்றால் கிறிஸ்துமஸ், 'ஓமாட்யெஸ்' என்றால் குட்டிப் பாட்டிகள். அரைக்கிலோ கிறிஸ்துமஸ் பாட்டிகள்! 'ஃபல்கௌல்' என்றால் விழுந்தால் எழமுடியாத குழி. 'ஃபல்' விழுதல், 'கௌல்' குழி. தப்பாக வெட்டினால் 'ஃபல்க்' வல்லூறு, 'ஔல்' ஆந்தை. இரண்டும் சேர்ந்த பறவை எந்த விலங்கியல் பூங்காவிலும் இல்லை.

'பொம்மெல்டிங்' என்றால் வெடிகுண்டு இருப்பதாக வரும் தகவல். 'பொம்' குண்டு, 'மெல்டிங்' தகவல். இதையே 'பொம்மல்-டிங்' என்று படித்தால், மார்தன் டோன்டர் வரைந்த படக்கதையில் வரும் பொம்மல் என்ற கரடியாரின் சாமான். அந்தக் கரடி நெதர்லாந்தில் பெரிய மனிதர், ஆகவே தவறாகப் படிப்பவரைக் குற்றம் சொல்ல முடியாது. 'மஸாஜ் கட்டில்' என்ற சொல்லை ஓரெழுத்துகூட மாற்றாமல் வேறிடத்தில் வெட்டினால் 'கூட்டுப் பிரார்த்தனை' வரும். போகும் முன் எது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஒன்றில் மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். 'டெய்க்ராம்ப்'. 'டெய்' தொடை, 'க்ராம்ப்' பிடிப்பு. தொடைப் பிடிப்பு. இன்னொரு வெட்டில் 'டெய்க்' கடலைத் தடுக்கும் கரை, 'ராம்ப்' பேரழிவு. கரை உடைந்து கடல் உள்ளே வருவது. 1953 பிப்ரவரி முதல் தேதி அதிகாலையில் அப்படித்தான் உடைந்தது. தென்மேற்கு நெதர்லாந்தில் 1,836 பேர் போனார்கள். அந்தச் சொல்லை எங்கே வெட்டுவது என்று அந்தத் தென்மேற்கு மாகாணமான ஸேலாண்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கணினி இருக்கும்போது வரி முடிவில் சொல்லை வெட்டுவது ஒரு பிரச்சினையா? (அச்சக உரிமையாளர், சிவகாசி)

அச்சகம் வைத்திருக்கும் நீங்களே இப்படிக் கேட்கலாமா? கணினிக்குக் காதும் கிடையாது, அகராதி தாண்டிய உலகமும் தெரியாது. பொது விதி எளிது. இரண்டு உயிருக்கு நடுவில் ஒரு மெய் இருந்தால் அது அடுத்த அசைக்கு: 'வா-தர்', தண்ணீர். இரண்டு இருந்தால் ஆளுக்கொன்று: 'வின்-தர்', குளிர்காலம். ஓரெழுத்தைத் தனியாக வரியில் தொங்கவிடக் கூடாது. ஆனால் இந்த விதிகளுக்கெல்லாம் மேலே ஒரு விதி உட்கார்ந்திருக்கிறது. கூட்டுச்சொல்லானால் முதலில் பொருளை வெட்டு, பிறகுதான் ஒலியை வெட்டு. பொருள் தெரிந்தால்தானே பொருளை வெட்டுவது?

ஒரே எழுத்துக் கூட்டல் கொண்ட இரண்டு வினைச்சொற்கள். ஒன்று 'பெ-ஆமென்': ஒருவர் சொன்னதற்கு ஆமென் போடுதல், அதாவது ஆமோதித்தல். மற்றது ஆங்கிலத்திலிருந்து வந்தது, திரையில் படம் வீழ்த்துதல். உச்சரிப்பு, சத்தியமாக, 'பீமன்'. ஆமென் எங்கே, பீமன் எங்கே! வெட்டும் இடமும் வேறு.

இந்த வம்பில் விரும்பி இறங்கியவர் ஹ்யூகோ பிராண்ட் கோர்ஸ்டியஸ். கணிதம் படித்து, கணினி மொழியியலில் 1970-ல் முனைவர் பட்டம் வாங்கியவர். கணினிக்கு அசை பிரிக்கக் கற்றுக்கொடுக்கப் பாடுபட்டவர். அந்தப் பாட்டில் சேர்ந்த சொல் வேடிக்கைகளை எல்லாம் 1981-ல் 'பாட்டஸ்' என்ற புனைபெயரில் புத்தகமாக்கினார். 'நேடர்லாண்ட்ஸ்' என்றால் தாழ்நில மொழி என்பதால், தன் விளையாட்டு மொழிக்கு 'ஓப்பர்லாண்ட்ஸ்' என்று பெயர் வைத்தார், மேல்நில மொழி. சொல் விளையாட்டைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் அவரைப் படிக்க வேண்டும். மொழியின் எலும்பு எங்கே இருக்கிறது என்பது வேடிக்கையில்தான் தெரிகிறது.

எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைக்கிறார்களே, ஜெர்மன் மாதிரியா? (வாசகி, புதுச்சேரி)

இல்லை. ஜெர்மனில் புள்ளி ஒலியை மாற்றும். டச்சில் அது வேலி. 'இங்கே புது அசை தொடங்குகிறது, முந்தைய எழுத்தோடு சேர்த்துப் படிக்காதே' என்று பொருள். கடல் 'ஸே', இரண்டு 'இ' (e). கடல்கள் என்றால் மூன்று 'இ' வரிசையாக வந்துவிடும், மூன்றாவதன் தலையில் புள்ளி. சொல்லை அதே இடத்தில் வரி முடிவுக்காக வெட்டினால் புள்ளி மறைந்துவிடும். சிறுகோடே வேலியாகிவிட்டதே, இரண்டாவது எதற்கு? சிக்கனத்தில் டச்சுக்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை. 1995 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு கூட்டுச்சொல்லில் புள்ளிக்குப் பதில் சிறுகோடு: கடல் வாத்து, 'ஸே-ஏன்ட்'. இருபத்து மூன்று போன்ற எண்களுக்கு மட்டும் இந்த விதி இல்லை, பழைய புள்ளியே. ஏன் என்று கேட்காதீர்கள், குழு கூடி முடிவு செய்தது.

நெதர்லாந்தில் 'ஆங்கில நோய்' என்று ஒன்று பரவுகிறதாமே? தடுப்பூசி உண்டா? (செவிலியர், வேலூர்)

ஊசி இல்லை. சேர்த்து எழுத வேண்டிய சொல்லை ஆங்கிலத்தைப் பார்த்துப் பிரித்து எழுதும் பழக்கத்துக்கு மொழிப்பற்றாளர்கள் வைத்த பெயர் அது. நோய் என்பது மிகை, ஆனால் பாதிப்பு உண்டு. சிவப்பு, ஒயின், கோப்பை மூன்றையும் சேர்த்து எழுதினால் சிவப்பு ஒயின் குடிக்கும் கோப்பை. சிவப்பை மட்டும் பிரித்தால் கோப்பையே சிவப்பு. நெடுந்தூர ஓட்டக்காரரை எழுதும்போது முதல் துண்டைப் பிரித்துவிட்டால், அவர் தூர ஓட்டக்காரர், ஆள் நெட்டை.

'பேன்கேக்' சண்டை என்று எங்கோ படித்தேன். மாவுக்கும் மொழிக்கும் என்ன சம்பந்தம்? (இல்லத்தரசி, ஈரோடு)

ஒரே ஓர் 'என்'. சட்டி 'பன்', அதில் சுடும் அப்பம் பழைய எழுத்தில் 'பன்னெகூக்'. 1995-ல் அரசு சொன்னது: சட்டியின் பன்மை 'பன்னன்', ஆகவே கூட்டுச்சொல்லிலும் 'என்' போட்டு 'பன்னன்கூக்' என்று எழுது. பெரும்பாலோர் அந்த 'ன்'-ஐ உச்சரிப்பதே இல்லை. ஓர் அப்பம் சுட எத்தனை சட்டி வேண்டும் என்று மக்கள் கேட்டதில் தப்பில்லை.

விதிவிலக்குகளோ விதியைவிட ருசி. வெயிலுக்கு, அதாவது 'சூரிய ஒளி' என்ற சொல்லுக்கு, 'என்' கிடையாது, சூரியன் ஒன்றுதானே! 'அரசி நாள்' என்ற பழைய விடுமுறைக்கும் கிடையாது, அரசி ஒருவர்தானே! 2005-ல் மறுபடி திருத்தினார்கள். பல பத்திரிகைகள் அரசின் சொற்பட்டியலான 'பச்சைப் புத்தகத்தை' ஏற்க மாட்டோம் என்று போர்க்கொடி தூக்க, 'ஒன்ஸ டால்' என்ற மொழிச் சங்கம் 2006-ல் போட்டியாக ஒரு 'வெள்ளைப் புத்தகம்' போட்டது. ஒரு நாட்டுக்கு இரண்டு எழுத்துமுறை. இந்த 'என்'-க்குப் பலியான இன்னொன்று பசுமாட்டு மடி. பழைய எழுத்தில் அந்தச் சொல்லில் ஏழு உயிரெழுத்து இடைவிடாமல் வரும். நடுவில் ஓர் 'என்' நுழைந்து அந்த வரிசையை உடைத்தது. பசு அறியாது.

என் கட்சி? காதில் விழாத எழுத்தைச் சட்டம் போட்டு நுழைத்தது வேண்டாத வேலை.

மெய்யெழுத்துகள் கூட்டமாக வந்தால் நாக்கு சுளுக்குகிறதே? (வாசகர், திருநெல்வேலி)

'ஆங்ஸ்ட்ஸ்ஹ்ரேவ்' என்று ஒரு சொல். பயத்தில் அலறும் அலறல். நடுவில் எட்டு மெய்யெழுத்து வரிசையாக. சொல்லிப் பார்த்தால் அலறல் தானாக வரும். 'ஆங்ஸ்ட்' பயம், 'ஸ்ஹ்ரேவ்' அலறல் என்று வெட்டினால் ஒலிகள் ஆறுதான், அவையும் இரண்டு அசைக்குப் பங்கிடப்பட்டுவிடும்.

நாம் மட்டும்தான் 'பிலிம்' என்று உயிர் கொடுத்துச் சொல்கிறோம் என்று கூச்சப்படாதீர்கள். டச்சுக்காரர்களும் அதே சொல்லை 'ஃபில்லம்' என்கிறார்கள். பால் எழுத்தில் 'மெல்க்', வாயில் 'மெல்லக்'. கை 'ஆர்ம்', வாயில் 'ஆரம்'. 'ல்', 'ர்' இரண்டுக்கும் பின்னால் சில மெய்கள் நெருக்கினால் நடுவில் மெல்லிய உயிரைச் செருகிக்கொள்கிறார்கள்.

ஒரே சொல்லுக்கு எதிரெதிர்ப் பொருள் உண்டா? (மருத்துவ மாணவி, சென்னை)

உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. 'ஃபோர்கோமன்'. முதல் அசையை அழுத்தினால் 'ஏற்படுதல்', இரண்டாவதை அழுத்தினால் 'தடுத்தல்'. நோயாளி முன்னால் அழுத்தம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டச்சுக்காரர்கள் எங்கள் யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள். விட்டுப்போன சொல் ஏதும் உண்டா? (ஓய்வுபெற்ற அதிபர், யாழ்ப்பாணம்)

நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதிய பேனாவை எங்கிருந்து எடுத்தீர்கள், ஐயா? மேசை லாச்சியிலிருந்துதானே? அது டச்சு 'லாட்யெ'. 'லா' என்றால் இழுப்பறை, 'ட்யெ' என்பது சின்னது என்று காட்டும் விகுதி. வேகமாகச் சொன்னால் அது 'ச்செ' என்றுதான் காதில் விழும். ஆக, லாச்சி என்றாலே குட்டி இழுப்பறை. பெரிய லாச்சி என்று சொன்னால் பழைய டச்சுக்காரர் குழம்பிப்போவார்.

அந்த விகுதி அங்கே எதன் வாலிலும் ஒட்டும், ஒட்டும் விதத்தை அசையே தீர்மானிக்கும். நெடில் கொண்ட நிலவு 'மான்ட்யெ' ஆகும். குறில் கொண்ட ஆண் 'மன்னெட்யெ', ஓர் அசை கூடுதல். மரம் 'போம்ப்யெ'. பீர் 'பீர்ட்யெ', கோப்பை எவ்வளவு பெரிதானாலும்!

உங்கள் ஊர்க் 'கந்தோர்' அவர்களுடைய 'கன்டோர்', அலுவலகம். 'நொத்தாரிசு' அவர்களுடைய 'நோட்டாரிஸ்'. கரையின் இந்தப் பக்கத்துக்கும் பங்கு உண்டு. நாம் எண்ணும் 'துட்டு' அவர்களுடைய 'டௌட்' என்ற செப்புக்காசு. 'கக்கூசு'? 'கக்' மலம், 'ஹௌஸ்' வீடு. கச்சிதமான கூட்டுச்சொல். வெட்டிப் பார்க்காமல் முழுசாக வாங்கிக்கொண்டோம்.

குடியேற்றத் தேர்வுக்கு டச்சு படிக்கப்போகிறேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள். (திருமணமாகி ரோட்டர்டாம் செல்லும் வாசகி, திருச்சி)

அந்தத் தேர்வின் பெயரிலிருந்தே தொடங்குங்கள். 'இன்பர்ஹரிங்ஸ்எக்ஸாமன்'. வலப்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். 'எக்ஸாமன்' தேர்வு. 'ஸ்' ஒட்டு. 'இங்' செயலைக் குறிக்கும் விகுதி. 'பர்ஹர்' குடிமகன். 'இன்' உள்ளே. ஆளைக் குடிமகனாக உள்ளே சேர்த்துக்கொள்ளும் தேர்வு. புதுச்சொல் எது வந்தாலும் இப்படிக் கடைசித் துண்டைப் பிடித்துக்கொண்டு முன்னோக்கிப் போங்கள். பன்மையை எழுதும் முன் அசையை வாய்விட்டுப் பிரித்துச் சொல்லுங்கள். மாதிரித் தேர்வுகள் டச்சு அரசின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டணம் கட்டும் முன் அவற்றை எழுதிப் பாருங்கள்.